சாம்பலுக்குப் பின் முளைப்பவை

1830-இல் ராபர்ட் பிரவுன் என்ற தாவரவியலாளர் லண்டனில் ஒரு மெல்லிய லத்தீன் நூலை அச்சிட்டார். ஆஸ்திரேலியத் தாவரங்களைப் பற்றி இருபது ஆண்டுகளுக்கு முன் எழுதிய பெருநூலுக்கு அவரே சேர்த்த பின்னிணைப்பு அது. கிரிவில்லியா என்ற பேரினத்தின் புதிய இனங்கள் பல அந்த நூலில்தான் முதன்முதலாக விவரிக்கப்பட்டன. அவற்றில் ஒன்று நமக்கு நன்றாகத் தெரிந்த மரம். வால்பாறை, குன்னூர், ஏற்காடு என எந்த மலைப்பாதையில் ஏறினாலும் தேயிலைக்கும் காப்பிக்கும் நிழலாக, மிளகுக்கொடி படர்வதற்கு ஆதாரமாக நேரே உயர்ந்து நிற்கும் சில்வர் ஓக் அது. இலங்கை மலையகத் தோட்டங்களிலும் அதைப் பார்க்கலாம். பெயரில் ஓக் என்று இருந்தாலும் ஓக் குடும்பத்துக்கும் அதற்கும் உறவில்லை. அதன் அறிவியல் பெயர் கிரிவில்லியா ரோபஸ்டா. ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையோர மழைக்காட்டு மரம்.

அதே நூலில் இடம்பெற்ற இன்னோர் இனம் கிரிவில்லியா கேலியை. சிட்னி நகரின் வடக்கு விளிம்பில் டெரி ஹில்ஸ், பெல்ரோஸ், இங்கிள்சைடு பகுதிகளின் மேட்டுநிலங்களில், சில கிலோமீட்டர் பரப்புக்குள் மட்டும் வளரும் புதர் அது. உலகில் வேறெங்கும் இயற்கையில் கிடையாது. ஒரே நூலில் பெயர் பெற்ற இரண்டில் ஒன்று வெப்பமண்டல நாடுகளெங்கும் மலைச்சரிவுகளை நிரப்பியிருக்கிறது. மற்றொன்று அழிவின் மிக நெருக்கடியான நிலையில் இருப்பதாகப் பட்டியலிடப்பட்டிருக்கிறது. இந்த வேறுபாட்டுக்குப் பல காரணங்கள் உண்டு. முதன்மையானது விதையின் சுபாவம். சில்வர் ஓக்கின் சிறகுள்ள விதையை ஈரமண்ணில் தூவினால் சில வாரங்களில் முளைத்துவிடும். கேலியையின் விதை முளைக்க வேண்டுமென்றால் காடு எரிய வேண்டும்.

கிரிவில்லியாக்களில் 350-க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. ஏறத்தாழ எல்லாமே ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தவை. அங்கே இவற்றைச் சிலந்திப்பூ என்பார்கள். நம் வயல்வரப்பில் முளைக்கும் வேளைச்செடியின் வகைகளுக்கும் ஆங்கிலத்தில் அதே பெயர் உண்டு. இரண்டும் வேறு வேறு குடும்பம். சிட்னியின் மணற்பாறை நிலங்களில் சாம்பல் சிலந்திப்பூ, இளஞ்சிவப்புச் சிலந்திப்பூ, செஞ்சிலந்திப்பூ, பச்சைச் சிலந்திப்பூ என்று நிறத்துக்கு ஒன்றாக இருக்கின்றன. பூவைக் கையில் எடுத்துப் பார்த்தால் பெயரின் காரணம் புரியும். அகன்ற இதழ்கள் இல்லை. நான்கு ஒடுங்கிய மடல்கள் குழாய்போல் ஒட்டியிருக்க, உள்ளிருந்து நீண்ட சூல்தண்டு வளைந்து வெளியே நீள்கிறது. பல பூக்கள் ஒரே கொத்தில் கூடும்போது அந்தத் தண்டுகள் எல்லாத் திசையிலும் மடங்கிய கால்களாகத் தெரிகின்றன.

அந்தத் தண்டின் வேலை விந்தையானது. மொட்டு விரியும் முன்பே மகரந்தப்பைகள் வெடித்து, தம்மிடமுள்ள மகரந்தம் முழுவதையும் தண்டின் நுனியில் அப்பிவிடுகின்றன. பிறகு தண்டு விடுபட்டு நிமிரும். தேன் குடிக்க வரும் பறவையின் நெற்றியிலோ பூச்சியின் முதுகிலோ அந்த மகரந்தம் ஒட்டிக்கொள்ளும். நுனி காலியான பிறகுதான் அதே இடத்திலுள்ள சூல்முடி வேறு பூவின் மகரந்தத்தை ஏற்கத் தயாராகும். கொடுப்பதும் வாங்குவதும் ஒரே முனையில், வெவ்வேறு நேரங்களில். அயல் மகரந்தச் சேர்க்கைக்கு இவ்வளவு ஏற்பாடு இருந்தும், ஒரு கொத்தில் பூக்கும் பூக்களில் காயாவது கொஞ்சம்தான். ஒரு காயில் இருப்பதும் ஒன்றோ இரண்டோ விதை.

விதையைச் சேகரிப்பவருக்கு இங்கேதான் முதல் சோதனை. இதே குடும்பத்தைச் சேர்ந்த பாங்க்சியா தன் விதைகளைக் கட்டைபோன்ற காய்க்குள் ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கும், வேண்டும்போது பறித்துக்கொள்ளலாம். சிலந்திப்பூவின் காயோ முற்றிய உடனே ஒரு பக்கமாகப் பிளந்து விதையை உதிர்த்துவிடும். நேற்று பச்சையாக இருந்த காய் இன்று வெறும் ஓடு. ஆகவே காய் பருக்கத் தொடங்கியதும் மெல்லிய துணிப்பையைக் கொத்தின்மேல் கட்டிவிடுவார்கள். அரிய இனங்களில் அனுமதி இல்லாமல் ஒரு விதையைக்கூட எடுக்கக் கூடாது. உரிமம் பெற்றவர்களும் காய்ப்பில் ஒரு சிறு பங்கைத்தான் எடுப்பார்கள். மீதி அந்த மண்ணுக்கு உரியது.

பையில் சிக்காமல் உதிரும் விதைக்குக் காத்திருப்பவர்கள் பலர். விதையின் மேலுள்ள எண்ணெய்ச் சதைக்காக எறும்புகள் இழுத்துச் செல்லும். வாலபி கங்காருக்களும் புதரெலிகளும் தேடித் தின்னும். கேலியையின் காய்க்குள்ளேயே முட்டையிட்டு, உதிரும் முன்பே விதையைத் தின்றுவிடும் கூன்வண்டு ஒன்றும் உண்டு. சிட்னியில் டோனி ஆல்டும் ஆண்ட்ரூ டென்ஹாமும் நடத்திய ஆய்வுகள் ஒரு சங்கடமான உண்மையை வெளிக்கொணர்ந்தன: இந்தச் செடிகள் ஓராண்டில் உண்டாக்கும் விதைகளில் பெரும்பகுதி மண்ணுக்குள் போகும் முன்பே அழிந்துவிடுகிறது. தப்பும் சிறு பகுதி ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக மண்ணில் சேர்கிறது. விதைநெல் குதிர் மாதிரி அந்த மேல்மண் மெதுவாக நிறைகிறது. தீ வரும்போது மேலே நிற்கும் கேலியைச் செடிகள் எல்லாம் செத்துவிடும்; அடிக்கட்டையிலிருந்து துளிர்க்கும் திறன் அவற்றுக்கு இல்லை. அன்று அந்த இனத்தில் எஞ்சுவது மண்ணில் கிடக்கும் விதை மட்டுமே. எத்தனை புதர்கள் நிற்கின்றன என்று எண்ணிவிட்டு இனத்தின் பலத்தைத் தெரிந்துகொண்டதாக நினைப்பவர்கள், கண்ணில் படும் பாதியை மட்டும் எண்ணுகிறார்கள்.

எரிந்த நிலத்தில் அந்த விதையை எழுப்புவது எது?

வெப்பம் என்றே நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். அதில் தவறில்லை, கருவேலம், கொன்றை விதைகளை நம் நாற்றங்காலில் வெந்நீரில் போட்டு ஊறவைப்பதும் கடினமான உறையை இளக்கத்தான். ஆனால் சிலந்திப்பூ விதை அந்த வகையைச் சேர்ந்ததல்ல. அதன் உறை வழியே தண்ணீர் உள்ளே போகும். ஊறிய பிறகும் விதை முளைக்காது. உறையைக் கவனமாகக் கீறினாலோ உரித்தாலோ முளைக்கும். கரு தயார்; உறைதான் தடுக்கிறது. காட்டில் யாரும் போய் விதையைக் கீறிவிடுவதில்லை.

விடை முதலில் கிடைத்தது வேறொரு கண்டத்தில். தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியில் ஆடுயினியா காபிடாட்டா என்ற அரிய புதரின் விதையை முளைக்கவைக்க முடியாமல் இருந்தது. 1990-இல் டி லாங்கே, பவுச்சர் என்ற ஆய்வாளர்கள் செடிகொடிகளை எரித்த புகையை மண்ணில் செலுத்தியபோது விதைகள் முளைத்தன. சூடு இல்லை, தணல் இல்லை. ஆறிய புகை மட்டும். பெர்த் நகரின் கிங்ஸ் பார்க் தாவரவியல் பூங்காவில் கிங்ஸ்லி டிக்சனும் அவருடைய சகாக்களும் இதைக் கையில் எடுத்தார்கள். வழக்கமாக முளைக்க மறுக்கும் 94 மேற்கு ஆஸ்திரேலிய இனங்களுக்குப் புகை காட்டியதில் 45 இனங்கள் முன்பைவிட விரைவாகவோ அதிகமாகவோ முளைத்தன. இந்த முடிவு 1995-இல் வெளிவந்தது. சிட்னியின் சாம்பல், இளஞ்சிவப்பு, சிவப்புச் சிலந்திப்பூ மூன்றையும் எடுத்து வெப்பம், புகை இரண்டையும் தனித்தனியாகவும் சேர்த்தும் சோதித்த ஆய்வு 2000-இல் வந்தது. இந்தச் செடிகளுக்குப் புகை வலிமையான தூண்டுதல் என்பதும், அதோடு வெப்பமும் சேரும்போது பலன் மாறுகிறது என்பதும் அதிலிருந்து தெளிவாயின. காட்டுத்தீ ஒரே குறிப்பை மட்டும் விட்டுச் செல்வதில்லை. மேல்மண் சூடாகிறது, ஆழம் கூடக் கூட அந்தச் சூடு சட்டென்று குறைகிறது. பிறகு மழை பெய்து புகையின் சாரத்தைக் கீழே இறக்குகிறது. எந்த ஆழத்தில் கிடக்கிறதோ அதற்கேற்ற கலவை ஒவ்வொரு விதைக்கும் வந்து சேர்கிறது.

புகையில் ஆயிரக்கணக்கான வேதிப்பொருள்கள் உண்டு. விதையை எழுப்புவது எது என்ற தேடலைப் பத்தாண்டுக்கு மேல் நடத்தினார்கள். காகிதத்திலும் பஞ்சிலும் இருக்கும் அதே செல்லுலோஸை எரித்தால் கிடைக்கும் புகையே போதும் என்பது வேலையை எளிதாக்கியது. வடிதாளை எரித்து, புகையை நீரில் பிடித்து, கூறு கூறாகப் பிரித்து, ஒவ்வொரு கூறையும் விதைகளின்மேல் சோதித்துக்கொண்டே போனார்கள். 2004-இல் மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தின் காவின் ஃப்ளெமாட்டியும் டிக்சனும் மற்றவர்களும் அந்த மூலக்கூறை அறிவித்தார்கள். இன்று அதன் பெயர் காரிக்கினோலைடு. நூறு கோடியில் ஒரு பங்கு என்ற அளவுக்கு நீர்த்த கரைசலிலும் அது வேலை செய்கிறது. எரியாத நிலத்துச் செடிகளான கீரை, காய்கறி வகைகளிலும் இதை உணரும் புரதம் இருப்பது பின்னர் தெரியவந்தது. தீயோடு பழகாத லெட்டூஸ் விதையைத்தான் அந்த ஆய்வாளர்களும் சோதனைக்குப் பயன்படுத்தினார்கள். செடிகளிடம் ஏற்கெனவே இருந்த ஓர் உணர்கருவியைத் தீநிலத்துச் செடிகள் தம் தேவைக்குக் கூர்தீட்டிக்கொண்டன என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன். எல்லா விதைக்கும் இந்த ஒரு மூலக்கூறே சாவி என்றும் சொல்ல முடியாது. 2011-இல் அதே குழுவினர் புகையில் வேறொரு சேர்மத்தைக் கண்டார்கள்; அது தண்ணீரில் மிகச் சிறிதளவு சயனைடை விடுவித்து வேறு சில இனங்களை எழுப்பியது. அதனால் சிலந்திப்பூ வளர்ப்பவர்கள் தனி மூலக்கூறைத் தேடிப் போவதில்லை. முழுப் புகையையே பயன்படுத்துகிறார்கள்.

செய்முறை எளிது. ஒரு தகரப் பீப்பாயில் காய்ந்த சருகையும் பச்சை இலையையும் கலந்து புகைய விடுகிறார்கள். புகையைக் குழாய் வழியே தண்ணீருக்குள் ஒரு மணி நேரம்போலக் குமிழியிடச் செய்தால் தேநீர் நிறத்தில் புகைநீர் கிடைக்கும். அதை அப்படியே பயன்படுத்தினால் விதை முளைக்காது. கெட்டியான புகைநீர் முளைப்பைத் தடுக்கும். ஒன்றுக்குப் பத்து என்ற அளவில் நீர்க்க வேண்டும். அதில் விதையை ஒரு நாள் ஊறவைத்து விதைக்கலாம். அல்லது விதைத்த தட்டுகளைச் சிறு கூடாரத்துக்குள் அடுக்கி ஆறிய புகையை உள்ளே விடலாம். அப்படிச் செய்தால் சில நாட்களுக்குத் தண்ணீரை வேகமாக ஊற்றக் கூடாது, ஊற்றினால் படிந்த சாரம் கழுவிக்கொண்டு போய்விடும்.

கைவசம் மிகச் சில விதைகளே இருக்கும்போது புகையை மட்டும் நம்புவதில்லை. ஊறிய விதையின் உறையைக் கூரிய கத்தியால் ஓரத்தில் லேசாகச் சீவுகிறார்கள். கரு விதையின் உட்புறம் முழுவதையும் நிறைத்திருப்பதால், கத்தி ஒரு மயிரிழை ஆழம் போனாலும் விதையிலை வெட்டுப்படும். வெட்டுப்பட்ட இடத்தில் பூஞ்சை ஏறும். அதனால் சீவுவதற்கு முன்பே நீர்த்த சலவைக் கரைசலில் விதையைக் கழுவுவது வழக்கம். பிறகு ஈரமான வெர்மிகுலைட்டிலோ மணல் கலந்த ஊடகத்திலோ வைத்து, 20 டிகிரி செல்சியஸை ஒட்டிய குளுமையில் காத்திருக்க வேண்டும். சில வாரங்களில் வேர் எட்டிப்பார்க்கும். சில விதைகள் அடுத்த பருவம்வரை கிடந்து முளைக்கும் என்பதால், முளைக்காத தட்டைக் கொட்டிவிடுவது இந்த வேலையில் பெரிய பாவம்.

முளைத்த நாற்றைக் கொல்வது பெரும்பாலும் அன்புதான். நல்ல நாற்றங்கால்காரர் எவருக்கும் நாற்றைக் கண்டதும் எருவும் உரமும் போடத் தோன்றும். கிரிவில்லியாவுக்கு மணிச்சத்து நஞ்சு. அது பிறந்த மண் கோடிக்கணக்கான ஆண்டுகள் மழையில் கரைந்து சத்திழந்த மண். பாறைத்துகளோடு ஒட்டிக்கிடக்கும் சொற்ப மணிச்சத்தைப் பிரித்தெடுக்க இந்தக் குடும்பம் தனி வகை வேர்களை உருவாக்கிக்கொண்டது. மண்ணின் மேற்பரப்பை ஒட்டி, குட்டையான சல்லிவேர்கள் நெருக்கமாகக் கொத்துக் கொத்தாக முளைத்து அமிலங்களைச் சுரந்து சத்தைக் கரைத்தெடுக்கின்றன. 1960-இல் ஹெலன் பர்னெல் இந்த வேர்க்கொத்துகளை விரிவாக ஆராய்ந்து எழுதினார். பஞ்சத்துக்காக அமைந்த இந்த வேருக்குப் போதும் என்று நிறுத்தத் தெரியாது. சாதாரண உரம் போட்ட தொட்டியில் கிடைத்ததையெல்லாம் உறிஞ்சி, இலை மஞ்சளாகி, விளிம்பு கருகி, செடி மடியும். மணிச்சத்து மிகக் குறைந்த, மெதுவாகக் கரையும் உரத்தைச் சிறிதளவு போடலாம். எதுவுமே போடாமல் விட்டாலும் நட்டமில்லை.

இரண்டாவது எதிரி கண்ணுக்குத் தெரியாது. ஃபைட்டோஃப்தோரா சினமோமி என்ற நீர்ப்பூஞ்சை வேரை அழுகச்செய்யும். 1922-இல் சுமத்திராவின் இலவங்கப்பட்டை மரத்திலிருந்து விவரிக்கப்பட்டதால் அந்தப் பெயர். ஆஸ்திரேலியக் காடுகளில் அது பெரும் சேதம் செய்திருக்கிறது. கேலியைப் புதர்களையும் கொல்கிறது. சுத்தமில்லாத ஒரு நாற்றங்கால் தொட்டி இந்த நோயைக் கடைசிப் புதர்கள் நிற்கும் இடத்துக்கே சுமந்துபோகும். அதனால்தான் இந்த வேலையில் மண்ணை வேகவைப்பதும் தொட்டிகளைத் தரையில் படாமல் மேடையில் வைப்பதும் காலணியைக் கழுவுவதும் புகையூட்டுவதைவிட முக்கியமானவை.

இத்தனை சிரமம் எதற்கு, குச்சி வெட்டி ஊன்றினால் வேர்பிடிக்குமே என்று கேட்பவர்கள் உண்டு. தோட்டத்துக்கு அது போதும். அரிய இனத்தைக் காப்பாற்றப் போதாது. அதைக் கற்றுக்கொடுத்தது கிரிவில்லியா ஸ்காபிஜெரா.

பெர்த்துக்குக் கிழக்கே கோதுமை வயல்களுக்கு நடுவே காரிகின் என்ற சிற்றூர். தரையோடு படர்ந்து, நீண்ட காம்பின் உச்சியில் வெண்ணிறப் பூந்திரள்களை ஏந்தும் இந்தச் செடி 1954-இல் அந்த வட்டாரத்தில் சேகரிக்கப்பட்டது. நிலமெல்லாம் கோதுமைக்காகத் திருத்தப்பட்டுவிட, எஞ்சியது சாலையோரப் பட்டைகள் மட்டும். 1980-களின் நடுவில் இனம் அழிந்தே போனதாகக் கருதினார்கள். 1989-இல் சாலையோரத்தில் ஒரு செடி கிடைத்தது. தேடத் தேட வேறு சிலவும் அகப்பட்டன. 1995-இல் அப்போது தெரிந்திருந்த 47 செடிகளிலிருந்து, இனத்தின் மரபு வேறுபாட்டைக் கூடிய மட்டும் உள்ளடக்கும் பத்துச் செடிகளைக் கிங்ஸ் பார்க் ஆய்வாளர்கள் தேர்ந்தெடுத்தார்கள். திசு வளர்ப்பில் அவற்றைப் பெருக்கி, 1996 முதல் பாதுகாப்பான ஓர் இடத்தில் நட்டார்கள். 1998 இறுதியில் 266 செடிகள் உயிரோடு நின்றன. ஏராளமாக விதையும் பிடித்தன.

பலரும் அங்கேயே வெற்றி என்று எழுதிவிட்டுப் போயிருப்பார்கள். சீக்ஃப்ரீட் கிராஸ், பாப் டிக்சன், கிங்ஸ்லி டிக்சன் மூவரும் நட்ட செடிகளின் மரபணுவை மறுபடி சோதித்து, வந்த முடிவை 2002-இல் மறைக்காமல் வெளியிட்டார்கள். அங்கே இருந்தது பத்து வகை அல்ல, எட்டு. செடிகளில் 54 விழுக்காடு ஒரே செடியின் நகல்கள். விதைகளில் 85 விழுக்காடு நான்கே வகைகளின் பிள்ளைகள். அந்த விதைத் தலைமுறை பெற்றோரைவிட 22 விழுக்காடு அதிக உட்கலப்பு உடையதாக இருந்தது. 266 செடிகள் நின்ற அந்த நிலம், இனப்பெருக்கக் கணக்கில், ஏறக்குறைய இரண்டு செடிகளுக்குத்தான் சமம். ஆய்வகத்தில் எளிதாக வளரும் வகை தட்டுகளை நிறைத்துவிடுகிறது, பிடிவாதக்காரன் பின்தங்கிவிடுகிறது. யாரும் வேண்டுமென்று செய்த தவறில்லை. அரிய செடிகளைப் பற்றி எழுதப்பட்டவற்றில் இதைவிட நேர்மையான கட்டுரையை நான் படித்ததில்லை.

அந்தப் பாடத்துக்கு ஏற்ற ஒழுக்கம்தான் இன்று நல்ல விதைச் சேகரிப்பில் கடைப்பிடிக்கப்படுகிறது. தாய்ச்செடி ஒவ்வொன்றின் விதைக்கும் தனி உறை, தனி எண். அதிகம் காய்த்த செடியின் விதையை அள்ளிச் சேர்த்துக் கலப்பதில்லை. முளைப்புத் தட்டிலும் தாய்வாரியாகவே வரிசை. நடும்போது எந்தத் தாயும் மிகைப்படாமல் எண்ணிக்கையைச் சமன்செய்கிறார்கள். பல இனங்கள் அருகருகே வளரும் பூங்காக்களிலிருந்து விதை எடுப்பதையும் தவிர்க்கிறார்கள். கிரிவில்லியாக்கள் எளிதில் கலப்பவை. உலகப் புகழ்பெற்ற ராபின் கார்டன் என்ற தோட்டவகையே குவின்ஸ்லாந்தின் ஒரு தோட்டத்தில் இரண்டு இனங்கள் தாமாகக் கலந்து முளைத்ததுதான். தோட்டத்துக்கு அது பரிசு. அரிய இனத்துக்கு அதுவே மெல்ல நிகழும் மறைவு. சிட்னியை அடுத்த மவுண்ட் ஆனனில் 2013-இல் திறக்கப்பட்ட தாவர வங்கியில் இத்தகைய விதைகளை உலர்த்தி, மைனஸ் 20 டிகிரியில் சேமிக்கிறார்கள். இடையிடையே சிலவற்றை எடுத்து முளைக்கவைத்து உயிரோடு இருக்கின்றனவா என்று பார்க்கிறார்கள்.

இனி கேலியைக்குத் திரும்பலாம். இயற்கையியலாளர் ஜோசப் பாங்க்சுக்காகச் செடி சேகரிக்க 1800-இல் சிட்னி வந்த ஜார்ஜ் கேலியின் பெயர் அதற்கு இடப்பட்டது. அவருக்குக் காட்டைக் காட்டியவர்களில் முதன்மையானவர் மூவாட்டின் என்ற பழங்குடி இளைஞர். செடியின் பெயரில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. கேலியைப் புதர் விரும்பும் மேட்டுநிலம்தான் சாலைக்கும் வீட்டுக்கும் வசதியானது. புதர் நின்ற இடங்களில் பெரும்பகுதி வீடும் சாலையுமாகிவிட்டது. எஞ்சிய துண்டுகளில் இப்போது இரண்டு வகை ஆபத்து. அடுத்தடுத்துத் தீ வந்தால், முளைத்த நாற்று பூத்துக் காய்த்து மண்ணை நிரப்பும் முன்பே செத்துவிடும். வீடுகள் பக்கத்தில் இருப்பதால் தீயே வராமல் நெடுங்காலம் தடுத்தாலும் புதர்கள் மூப்படைந்து மடியும், மண்ணிலுள்ள விதை ஆண்டுதோறும் குறையும். எரிக்க வேண்டும், அளவோடு, இடைவெளி விட்டு. எரித்த பிறகும் எலிகளையும் வாலபிகளையும் கணக்கில் எடுக்க வேண்டும். மிகச் சிறிய துண்டு நிலத்தில் அவை நாற்றையும் புதிய விதையையும் மிச்சம் வைப்பதில்லை.

இதே விதிதான் கையால் விதைத்து வளர்த்து நட்ட சிலந்திப்பூப் புதர்களுக்கும். நாற்று வேர்பிடித்தது, பூத்தது, காய்த்தது என்பதோடு வேலை முடியாது. நட்ட நிலத்தின் மண்ணில் விதை சேர்ந்ததா என்பதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி, போதிய ஆண்டுகள் கழித்து அதில் ஒரு பகுதிக்குத் தீ வைப்பது. ஒவ்வொரு விதையாகச் சீவி, புகையூட்டி, தொட்டி தொட்டியாக வளர்த்த செடிகள் அந்தப் பகுதியில் எல்லாமே எரியும். அடுத்த மழைக்குப் பிறகு, சில கட்டங்களுக்குக் கம்பிவலை கட்டியும் சிலவற்றைத் திறந்தே விட்டும், வளர்த்தவர்கள் மண்டியிட்டு நாற்றுகளை எண்ண வேண்டும். எண்ணி முடித்த நாற்றுகளின் இலைத்துணுக்குகளை மரபணுச் சோதனைக்கு அனுப்ப வேண்டும்.